பேட்ஜர் ஷேவிங் பிரஷ், கைக்கு அடங்கற விலையில: என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

இங்க சிங்கப்பூர்ல வேலை இடத்துல, போன தீபாவளிக்கு மச்சான் வீட்டுல, எங்க போனாலும் யாராவது ஒருத்தர் "அண்ணே, அந்த பிரஷ் விஷயம்..."னு ஆரம்பிச்சிடறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப் போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். நான் கடைக்காரன் கிடையாது, எந்தக் கம்பெனியும் எனக்கு சும்மா பிரஷ் கொடுக்கல. 2016ல கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுட்டு அப்பா காலத்து டபுள் எட்ஜ் ரேசருக்கு, அதான் ரெண்டு பக்கமும் வெட்டற பிளேடு போடறதுக்கு, மாறினேன், அன்னைலேர்ந்து பிரஷ்க்குன்னு செலவு பண்ண மொத்தக் கணக்கு வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.

பேட்ஜர்னா என்னண்ணே, நரியா?

நரி இல்ல. பீஷான் பார்க்ல, மரினா பக்கத்துல நீர்நாய் கூட்டம் ரோட்டைக் கடந்து போறதைப் பாத்திருப்பீங்கல்ல, அதுக்குப் பங்காளி முறை. ரெண்டும் ஒரே குடும்பம், இவன் தண்ணிக்குப் பதிலா மண்ணுல வளை தோண்டி இருக்கறவன். குளிர் நாட்டு மிருகம், உடம்புல நல்லா அடர்த்தியா முடி இருக்கும். அந்த முடியில ஒரு விசேஷம், அடியில மெலிசா ஆரம்பிச்சு நடுவுல தடிச்சு நுனியில திரும்பவும் ஊசி மாதிரி மெலிஞ்சுடும், அதனாலதான் நுனி மெத்துனு இருக்கு, நடுவுல விறைப்பும் இருக்கு. நல்ல முடியைப் பாத்தா வெள்ளை, கருப்பு, வெள்ளைன்னு பட்டை பட்டையா தெரியும்.

இப்ப உலகத்துல விக்கற பேட்ஜர் முடி பெரும்பாலும் சீனாவுலேர்ந்து வர்றது. "இங்கிலாந்து பிரஷ்"னு பெட்டியில பெருசா போட்டிருந்தாலும் முடி அந்த ஊர்து இல்ல, அங்க 1992ல வந்த சட்டப்படி அனுமதி இல்லாம பேட்ஜரைப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. முடிக்கட்டு செய்யறதும் கைப்பிடி செய்யறதும் வேணா அங்க நடக்கலாம். இதை ஏன் சொல்றேன்னா, "சீனா பிரஷ்ஷா, ஐயோ"ன்னு மூஞ்சைச் சுளிக்கறவங்க இருக்காங்க, 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிரஷ்ல இருக்கறதும் அந்தப் பக்கத்து முடிதான்.

பிரஷ் எதுக்கு? கையால தடவிக்கிட்டா ஆகாதா?

ஆகும். ஆனா கையால தடவினா முடி படுத்துக்கும், பிரஷ்ல சுத்தினா முடி நிமிர்ந்து நிக்கும், நுரைக்குள்ள தண்ணியும் காத்தும் சரியா கலக்கும். சுருட்டை தாடி இருக்கற நம்ம ஆளுங்களுக்கு கழுத்துல சின்னச் சின்னக் கட்டி வருதே, எனக்கு அது பாதிக்கு மேல குறைஞ்சது பிரஷ்க்கு மாறின பிறகுதான். ரேசரும் அதே சமயத்துல மாத்தினேன், அதனால முழுப் புண்ணியமும் பிரஷ்க்கே போய்ச் சேராது.

ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப்னு போட்டிருக்கே, எது எடுக்கறது?

இதுலதான் எல்லாரும் மாட்டறது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வைங்க, இந்தப் பேருக்கெல்லாம் எந்த அரசாங்கமும் முத்திரை குத்தறது இல்ல. தங்கத்துக்கு 916னு ஹால்மார்க் இருக்கு, பேட்ஜர் முடிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கறாங்க. ஒருத்தர் பெஸ்ட்னு விக்கறதும் இன்னொருத்தர் சூப்பர்னு விக்கறதும் ஒரே முடியா இருக்கலாம். பொதுவா சொல்லணும்னா ப்யூர்ங்கறது கீழ்ப்படி, "சுத்தமான"ன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு உசத்தின்னு நினைச்சுடாதீங்க, முடி கொஞ்சம் தடியா, பழுப்பா, சாம்பலா, இல்ல கருப்பா இருக்கும், மூஞ்சில லேசா குத்தும். பெஸ்ட் அதுக்கு மேல, மெலிசு, நீளம், அடர்த்தியும் கூட. சூப்பர் இன்னும் மெத்து. சில்வர்டிப் உச்சி, நுனி இயற்கையிலயே வெள்ளையா இருக்கற முடியை மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டறது, ஒரு மிருகத்துலேர்ந்து கொஞ்சம்தான் தேறும், அதனால விலை ஏறுது.

பட்ஜெட் கம்மின்னா நியாயமா எழுதி விக்கற பெஸ்ட் எடுங்க. ப்யூர் கூட மோசம்னு சொல்ல மாட்டேன், சோப்பு கட்டியா இருந்தா அந்தக் குத்தற முடி சோப்பை நல்லா சுரண்டி எடுக்கும், மூஞ்சைத் தேய்ச்ச மாதிரியும் இருக்கும், எங்க சித்தப்பா அதைத்தான் பயன்படுத்தறார், மெத்துனு இருக்கற என்னோட பிரஷ்ஷை ஒரு நாள் தொட்டுப் பாத்துட்டு "இது என்னடா பொம்பளைங்க பவுடர் பப் மாதிரி"ன்னுட்டார்.

ஆன்லைன்ல 20 வெள்ளிக்கு சில்வர்டிப் போடறான், வாங்கலாமா?

நான் வாங்கினேன். என் முதல் பேட்ஜர் அதுதான். கடை பேரைச் சொல்லல, இப்ப அந்தக் கடையே இல்ல. படத்துல பனி மாதிரி வெள்ளை நுனி, கைக்கு வந்ததும் அதே வெள்ளை, எனக்கு ஒரே சந்தோஷம். முதல் நாள் வெந்நீர்ல முக்கினதும் தண்ணி டீ கலருக்கு மாறிடுச்சு. ரெண்டாம் நாள் மூஞ்சில வச்சா தென்னந்துடைப்பம் மாதிரி குத்துது. ஒரு மாசத்துல நடுவுல வழுக்கை விழுந்துடுச்சு, அதுக்கும் எனக்கும் போட்டி.

பின்னாடிதான் புரிஞ்சது. மட்டமான முடியோட நுனியை ப்ளீச் பண்ணி வெள்ளையாக்கறாங்க, நடுவுல கருப்புச் சாயம் ஏத்தறாங்க. ப்ளீச் பண்ணினா முடி வறண்டு உடையும். இன்னொரு ஏமாத்து வேலை, முடியைக் கட்டின பிறகு கத்திரியால மேல வெட்டி உருண்டையா வடிவம் கொடுக்கறது. ஒழுங்கா செய்யறவங்க நுனியை வெட்ட மாட்டாங்க, ஒரு அச்சுக்குள்ள நுனி கீழ பாக்கற மாதிரி முடியை இறக்கி வடிவம் எடுத்து, அப்புறம் அடியை மட்டும் வெட்டுவாங்க. நுனியை வெட்டிட்டா இயற்கையா மெலிஞ்சு போற ஊசி முனை போயிடுது, மொட்டை முனை மூஞ்சில குத்துது. படத்தைப் பெருசாக்கிப் பாருங்க, மேல் விளிம்பு புல்வெட்டற மிஷின் ஓட்டின மாதிரி ரொம்ப சமமா இருந்தா சந்தேகப்படுங்க. வெள்ளை ஒரே மாதிரி சுண்ணாம்பு வெள்ளையா இருந்தாலும் சந்தேகப்படுங்க, நிஜ முடியில லேசா கிரீம் கலர் கலந்து முன்ன பின்ன இருக்கும்.

இன்னும் சில பேர் முழுக்க பிளாஸ்டிக் இழையையே பேட்ஜர் மாதிரி பட்டை போட்டு விக்கறாங்க. கொட்டின ஒரு முடியை எடுத்து, பிரஷ்ஷை தூர வச்சுட்டு, சிங்க் மேல பிடிச்சு லைட்டர் காட்டுங்க. நிஜ முடின்னா முடி கருகற நாத்தம் வந்து பொடியாகும், பிளாஸ்டிக்னா உருகி சின்ன மணி மாதிரி கட்டியாகும்.

அப்ப எவ்வளவு வைக்கணும்?

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் 35லேர்ந்து 60 வெள்ளிக்குள்ள தினமும் பயன்படுத்தற நல்ல பேட்ஜர் வந்துடும். அதுக்குக் கீழ பேட்ஜர்னா அதிர்ஷ்டம் பாக்கற கதை. 100க்கு மேல போறது கைப்பிடி அழகுக்கும் பேருக்கும், கொஞ்சம் முடிக்கும். கென்ட், சிம்ப்சன், முயூலே, எட்வின் ஜாகர் இதெல்லாம் பேர் பெத்த கம்பெனிங்க, அதுல கென்ட் 1777லேர்ந்து பிரஷ் செய்யறவங்க, நல்ல சரக்குதான், ஆனா முதல் பிரஷ்ஷே அதுல வேணாம். யாச்சி மாதிரி நேரா சீனாவுலேர்ந்து விக்கற கம்பெனிங்க விலைக்கு ஏத்த பொருள் கொடுக்கறாங்க. நான் ஆறு வருஷமா வச்சிருக்கறது 38 வெள்ளிக்கு வாங்கினது, அதுக்கப்புறம் 140க்கு ஒண்ணு வாங்கினேன், வித்தியாசம் இருக்கு, 102 வெள்ளி வித்தியாசம் இல்ல.

24 மி.மீ, 50 மி.மீனு ரெண்டு நம்பர் போடறாங்களே, அது என்ன?

முதல் நம்பர் முடிக்கட்டோட குறுக்களவு, கைப்பிடிக்குள்ள இறங்கற இடத்துல அளந்தது. ரெண்டாவது கைப்பிடிக்கு மேல முடி எவ்வளவு உயரம் நிக்குதுங்கறது. முடி ரகத்தை விட இந்த ரெண்டு நம்பர்தான் பிரஷ் எப்படி நடந்துக்கும்னு சொல்லும், ஆனா கடையில யாரும் இதைக் கேக்கறதில்ல, எல்லாருக்கும் சில்வர்டிப் வேணும்.

குறுக்களவு ஒண்ணா இருக்கறப்ப உயரம் கூடினா பிரஷ் தொளதொளன்னு படுத்துக்கும், உயரம் குறைஞ்சா விறைப்பாகும். 24க்கு 50 பக்கம் நடுவாந்தரம், முதல் பிரஷ்க்கு நான் சொல்றது 22லேர்ந்து 24 வரைக்கும் குறுக்களவு, 48லேர்ந்து 52 வரைக்கும் உயரம். 28, 30ன்னு பெருசு பெருசா ஆசைப்படாதீங்க, மீசைக்குக் கீழயும் மூக்குக்குப் பக்கத்துலயும் நுழையாது, சோப்பை அதுவே பாதி குடிச்சுடும், நம்ம ஊர்ல காயறதுக்குள்ள அடுத்த நாள் விடிஞ்சுடும். கம்மி விலை பிரஷ்ல அடிக்கடி பாக்கற தப்பு என்னன்னா 20க்கு 55னு ஒல்லியா உசரமா கட்டியிருப்பாங்க, முடியையும் கம்மியா வச்சு சமாளிச்சிருப்பாங்க, அதை மூஞ்சில அழுத்தினா ஈரத்துணி மாதிரி விழுந்துடும்.

அடர்த்தியைப் படத்துல பாக்க முடியாது. ரிவ்யூல "நடுவுல குழி விழுது", "தண்ணி பட்டா சுருங்கிடுது"ன்னு யாராவது எழுதியிருக்காங்களான்னு தேடுங்க. வடிவத்துல விசிறி மாதிரி விரிஞ்சது, பல்ப் மாதிரி குவிஞ்சதுன்னு ரெண்டு இருக்கு, நேரா மூஞ்சில நுரை போடறவங்களுக்கு பல்ப் வசதி, இதுல பெருசா சண்டை போட ஒண்ணும் இல்ல.

கைப்பிடி?

ரெசின், அக்ரிலிக் எடுங்க. மரம் பாக்க அழகு, நம்ம பாத்ரூம்ல ரெண்டு வருஷத்துல வெடிச்சுடும். இரும்பு, பித்தளை சோப்புக் கையில வழுக்கும், டைல்ஸ்ல விழுந்தா டைல்ஸ் போகும்.

உண்மையைச் சொல்லுங்க, சிந்தெடிக், அதான் செயற்கை இழை பிரஷ், வாங்கினா போதாதா?

போதும். பேட்ஜர் பத்தி எழுத உக்காந்துட்டு இதைச் சொல்றேனேன்னு பாக்காதீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி சிந்தெடிக்னா தூண்டில் நரம்பு மாதிரி இருந்துச்சு, இப்ப வர்றது அப்படி இல்ல, 15லேர்ந்து 25 வெள்ளிக்கு ரொம்ப மெத்தான பிரஷ் கிடைக்குது, நாத்தம் இல்ல, சீக்கிரம் காயும், முடி கொட்டறது அபூர்வம். கையில 25 வெள்ளிதான் இருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு சிந்தெடிக் வாங்குங்க, அதே 25க்கு "சில்வர்டிப்" பேட்ஜர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஏன் நான் பேட்ஜர் வச்சிருக்கேன்னா, அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கற விதம் வேற. முடிங்களுக்கு நடுவுல தண்ணி தங்கி நிக்கும், மூஞ்சில சுத்தச் சுத்த கொஞ்சம் கொஞ்சமா விடும், வெந்நீர்னா சூடும் கொஞ்ச நேரம் நிக்கும். சிந்தெடிக் தண்ணியைப் படக்குனு விட்டுடும், கழுத்து வழியா பனியனுக்குள்ள இறங்கும். அதோட அந்த நுனி படற சுகம், அதை எழுதி விளக்க எனக்குத் தெரியல.

பன்றி முடி பிரஷ்னு ஒண்ணு இருக்காமே? நான் முஸ்லிம், எப்படித் தெரிஞ்சுக்கறது?

என் கூட வேலை பாக்கற நாகூர்க்கார பாய் கேட்ட கேள்வி இது, நல்ல வேளை வாங்கறதுக்கு முன்னாடி கேட்டார். அட்டையில போர் (boar)னு போட்டிருந்தா அது பன்றி முடி. அதை விட முக்கியம், வெறும் "பிரிசில்" (bristle), "ப்யூர் பிரிசில்"னு போட்டிருந்தாலும் அனேகமா பன்றி முடிதான், மலிவு பிரஷ் நிறைய அப்படித்தான் வருது. இத்தாலியில ஒமேகா, போர்ச்சுகல்ல செமோக் ரெண்டும் அந்த வகையில பேர் போனவங்க. சில பிரஷ்ல பேட்ஜரையும் பன்றி முடியையும் கலந்தும் கட்டறாங்க, "மிக்ஸ்டு"ன்னு போட்டிருக்கும், அட்டையை முழுசா படிங்க. பேட்ஜர் பன்றி இல்ல, ஆனா அந்த முடி மார்க்கப்படி கூடுமான்னு சொல்ற தகுதி எனக்குக் கிடையாது, உங்க பள்ளிவாசல் உஸ்தாதைக் கேளுங்க. பாய் கடைசியில சிந்தெடிக் வாங்கிட்டு நிம்மதியா இருக்கார்.

மத்தவங்களுக்கு, பன்றி முடி மலிவு, பழகினா நல்லாவும் இருக்கும். அந்த முடி தண்ணியைத் தனக்குள்ளயே உறிஞ்சற ரகம், அதனால ஷேவிங்க்கு முன்னாடி சில நிமிஷம் ஊற வைக்கணும், நுனி பிளந்து மெத்தாக ஒரு மாசம் ஆகும். பேட்ஜருக்கு அந்த ஊற வைக்கற வேலை இல்ல, அரை நிமிஷம் நனைச்சா போதும்.

நான் சுத்த சைவம். மிருகத்தைக் கொன்னு எடுக்கறாங்களா?

ஆமா, ஆட்டு ரோமம் கத்தரிக்கற மாதிரி இல்ல இது. 2018ல பீட்டா அமைப்பு சீனாவுல பேட்ஜர் பண்ணைகளைப் படம் எடுத்து வெளியிட்டாங்க, பாக்க முடியாத படம், அதுக்கப்புறம் சில கம்பெனிங்க பேட்ஜர் விக்கறதையே நிறுத்திட்டாங்க. உங்களுக்கு மனசு உறுத்தும்னா சிந்தெடிக் எடுங்க, ஷேவிங்ல ஒரு குறையும் வராது. எனக்கு உறுத்திச்சான்னு கேட்டா, உறுத்திச்சு, இருக்கறதைத் தேயற வரைக்கும் வச்சுக்கிட்டு அதுக்கு மேல எண்ணிக்கையைக் கூட்டறதில்லன்னு நிறுத்திக்கிட்டேன்.

சிங்கப்பூர்ல எங்க வாங்கறது?

முஸ்தபாங்கற பெரிய கடையில கிரீம், பிளேடு எல்லாம் கிடைக்கும், ஊர்ல அப்பா போட்ட அதே கிரீம் டியூபைப் பாத்ததும் ரெண்டு எடுத்துடுவீங்க, பிரஷ்னு பாத்தா நான் போனப்பல்லாம் மலிவு வகைதான் இருந்துச்சு. ஆண்கள் சலூன் சரக்கு விக்கற கடைங்கள்ல பேட்ஜர் இருக்கும், கையில தொட்டுப் பாக்கலாம், ஆனா விலையில கடை வாடகையும் சேர்ந்திருக்கும். நான் பெரும்பாலும் ஷாப்பி, லசாடா, இல்லன்னா கம்பெனியோட சொந்த இணையக் கடை. 2023லேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து வர்ற 400 வெள்ளிக்குக் கீழ உள்ள சாமானுக்கும் ஜிஎஸ்டி உண்டு, இப்ப அது 9 சதவீதம், அதனால கடைசிப் பக்கத்துல வர்ற தொகையைப் பாத்து ஒப்பிடுங்க. நவம்பர் 11 (11.11) தள்ளுபடியில திடீர்னு விலை இறங்குதுன்னா ஒரு மாசத்துக்கு முன்னாடி என்ன விலை இருந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு இறங்குங்க.

கரோசெல்னு பழசு விக்கற ஆப்ல வாங்கலாமான்னும் கேக்கறாங்க. அடுத்தவன் மூஞ்சில ஓடின பிரஷ். நான் மாட்டேன்.

தாத்தா வச்சிருந்த பழைய பிரஷ் ஒண்ணு இருக்கு, பயன்படுத்தலாமா?

கைப்பிடியை வச்சுக்கோங்க, முடியைத் தூக்கிப் போடுங்க. இதுக்குப் பின்னாடி ஒரு பயங்கரமான கதை இருக்கு. முதல் உலகப் போருக்கு முன்னாடி பேட்ஜர் முடி ரஷ்யாவுலேர்ந்து ஜெர்மனி வழியா வந்துக்கிட்டிருந்துச்சு, போர் வந்ததும் அந்த வழி அடைஞ்சு போச்சு, பதிலுக்குக் குதிரை முடியை பேட்ஜர் மாதிரி சாயம் போட்டு பிரஷ் செஞ்சாங்க, அதைச் சரியா கிருமி நீக்காம விட்டதுல ஆந்த்ராக்ஸ் நோய் மூஞ்சி வழியா ஏறி அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் போர்வீரர்களும் சாதாரண ஜனங்களும் செத்துப் போனாங்க. உங்க தாத்தா பிரஷ் அந்தக் காலத்து சரக்குன்னு சொல்லல, ஆனா எப்ப, எங்க, எதுல செஞ்சதுன்னு தெரியாத முடியை பிளேடு படற மூஞ்சில எதுக்கு வைக்கணும்?

கைப்பிடி நல்லா இருந்தா புது முடிக்கட்டு மட்டும் தனியா வாங்கிப் பதிக்கலாம், 15 வெள்ளி பக்கம் வரும். பழைய முடியை வெட்டி, உள்ள இருக்கற பசையைச் சுரண்டி, குழியோட அகலத்தை அளந்து அதுக்கு ஒரு மி.மீ சின்னதா கட்டு வாங்கி, எபாக்சி பசை போட்டு ஒரு நாள் விட்டுடணும். நான் இப்படி ஒண்ணு செஞ்சேன், சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில 3 வெள்ளிக்கு வாங்கின கைப்பிடி. அந்தச் சந்தையைத்தான் 2017ல மூடிட்டாங்களே.

புது பிரஷ் நாறுதுண்ணே, செத்த எலி மாதிரி!

மிருக முடி, நாறத்தான் செய்யும். தலைக்குப் போடற ஷாம்பூ ரெண்டு சொட்டு விட்டு உள்ளங்கையில சுத்தி அலசுங்க, அப்புறம் ரெண்டு மூணு நாள் ஷேவ் பண்ணாமலே சும்மா நுரை மட்டும் போட்டுக் கழுவி வைங்க, ஒரு வாரத்துல போயிடும். வாசனை சோப்புன்னா இன்னும் சீக்கிரம். வெயில்ல மணிக்கணக்கா காய வைக்காதீங்க, கொதிக்கிற தண்ணியில போடவே போடாதீங்க, முடியும் வீணாகும், அடியில பிடிச்சிருக்கற பசையும் இளகும்.

முடி கொட்டுது, திருப்பி அனுப்பிடட்டா?

முதல் வாரம் கொஞ்சம் முடி கொட்டறது சகஜம், கட்டும்போது சரியா மாட்டாத முடிங்க. மூணாவது வாரமும் தினமும் நாலஞ்சு வருதுன்னா, இல்ல ஒரே இடத்துலேர்ந்து கொத்தா வருதுன்னா பசை கோளாறு, படம் எடுத்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க, பிரஷ்ஷை மூஞ்சில வச்சு அழுத்தி பரோட்டா மாவு மாதிரி பிசையறீங்களா? நுனியால சுத்தணும், அவ்வளவுதான்.

நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சை பிடிக்காதா?

பிடிக்கும். பிரஷ் நல்லதா கெட்டதாங்கறதை விட இங்க இதுதான் பெரிய கேள்வி, ஐரோப்பாக்காரங்க போடற வீடியோவுல இதைப் பத்தி பேச்சே இருக்காது, அவங்க ஊர்ல பிரஷ் மதியத்துக்குள்ள காஞ்சுடும். இங்க விடியக்காலையில காத்துல ஈரம் 90 சதவீதத்துக்கு மேல இருக்கு, மழை இல்லாத நாள்ல மதியம்தான் 60 பக்கம் இறங்குது. அதுலயும் நம்ம எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) பாத்ரூம், சன்னல் சின்னது, ஆறு பேர் மாத்தி மாத்திக் குளிக்கறது, சுவரே வேர்த்துக்கிட்டிருக்கும்.

நான் செய்யறது இதுதான். ஷேவ் முடிஞ்சதும் சோப்பு போற வரைக்கும் ஓடற தண்ணியில அலசறேன், அடிப்பக்கத்துல சோப்பு தங்கும், அங்க விரலால அமுக்கி அமுக்கி. அப்புறம் கைப்பிடியைப் பிடிச்சு ரெண்டு மூணு உதறு, துண்டுல லேசா ஒத்தி எடுக்கறேன், உடனே பாத்ரூமை விட்டு வெளிய. துணி காயப் போடற சர்வீஸ் யார்டு சன்னல் ஓரம்தான் அதுக்கு இடம், நேர் வெயில் படாம காத்து மட்டும் படற மாதிரி. வீட்டுல முதல்ல எதிர்ப்பு வந்துச்சு, மூங்கில் கம்புக்குப் பக்கத்துல ஷேவிங் பிரஷ்ஷான்னு, இப்ப பழகிடுச்சு. தலைகீழா தொங்க விடற ஸ்டாண்டு கட்டாயம் இல்ல, நிமித்தி வச்சாலும் காயும், காத்துதான் முக்கியம். மருந்து அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தறது, பிளாஸ்டிக் மூடி போடறது, இது ரெண்டும் வேண்டாம்.

ரெண்டு பிரஷ் வச்சு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திப் பயன்படுத்தினா ஒவ்வொண்ணுக்கும் காய 48 மணி நேரம் கிடைக்கும். "ரெண்டாவது பிரஷ் வாங்க இது நல்ல சாக்கு"ன்னு என் மனைவி சொல்றா, அவ சொல்றதுலயும் தப்பில்ல.

அடியில கருப்புப் புள்ளி தெரிஞ்சா, கைப்பிடியில வந்ததுன்னா துடைச்சுடலாம், முடிக்குள்ள போயிடுச்சுன்னா தூக்கிப் போடுங்க. பூஞ்சை இல்லாம சும்மா முடி பிசுபிசுன்னு, வெள்ளையா படிஞ்சு இருந்தா அது சோப்புப் படிவு, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து சில நிமிஷம் முடியை மட்டும் முக்கி எடுத்து அலசினா போதும்.

என்ன சோப்பு? நுரையே வர மாட்டேங்குது.

சோப்பு மேல பழி போடாதீங்க, பத்துக்கு எட்டுப் பேர் சோப்பைக் கம்மியா எடுக்கறாங்க. பிரஷ்ஷை நனைச்சு, நல்லா உதறி, சோப்பு மேல முழுசா அரை நிமிஷம் சுத்துங்க, நுனியில பேஸ்ட் மாதிரி ஒட்டணும். அப்புறம் மூஞ்சியிலயோ கிண்ணத்துலயோ சுத்திக்கிட்டே தண்ணியைச் சொட்டுச் சொட்டா சேருங்க. கிண்ணத்துக்குத் தனியா காசு கொடுக்காதீங்க, வீட்டுல இருக்கற எவர்சில்வர் டபரா போதும், நம்ம பைப் தண்ணியே அவ்வளவு குளிர் கிடையாது, வெந்நீர் வைக்காமலே வேலை ஆகும். கடைசியில தயிர் மாதிரி பளபளன்னு இருக்கணும், பெருசு பெருசா குமிழ் தெரிஞ்சா தண்ணி ஜாஸ்தி, வறண்டு மாவு மாதிரி இருந்தா தண்ணி கம்மி.

சோப்பு பேர் கேட்டா, இந்த வெக்கைக்கு ப்ரோராசோ பச்சை டப்பா, யூகலிப்டஸும் மெந்தாலும் இருக்கு, மூஞ்சி ஜில்லுன்னு ஆகிடும். மலிவா வேணும்னா துருக்கியோட ஆர்கோ குச்சி சோப்பு, வாசனை துணி சோப்பு மாதிரிதான், நுரை அபாரம். ஷேவ் முடிஞ்சு தேய்க்க வெளிநாட்டுக்காரங்க பெட்டி போட்டு விக்கற "ஆலம் பிளாக்" வேற ஒண்ணும் இல்ல, நம்ம படிகாரம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நாட்டு மருந்து, பூசை சாமான் விக்கற கடையில ஒண்ணு ரெண்டு வெள்ளிக்கு ஒரு கட்டி கிடைக்கும், திருஷ்டிக்கு வாசல்ல கட்டறதுக்குப் பக்கத்துலயே.

பையன் என்.எஸ் (ராணுவ தேசிய சேவை) போறான், வாங்கிக் கொடுக்கட்டா?

பேட்ஜர் வேணாம், சிந்தெடிக் கொடுங்க. கேம்ப்ல ஈர பிரஷ்ஷை மூட்டையில திணிச்சு வச்சா ரெண்டு வாரத்துல காளான் முளைக்கும், காலையில அவனுக்கு இருக்கற அவசரத்துல டபராவுல நுரை அடிச்சுக்கிட்டு நிக்கவும் முடியாது. முடிச்சுட்டு வரட்டும், அப்ப வாங்கிக் கொடுங்க.

ஊருக்குப் போறப்ப பிளைட்ல கொண்டு போகலாமா?

பிரஷ் கைப்பையில போகலாம், பிளேடு கூடாது, அதை லக்கேஜ்ல போடுங்க. முந்தின நாளே பிரஷ்ஷைக் காய வச்சு எடுத்துப் போங்க, பிரஷ் வைக்கற ஓட்டை போட்ட டியூப்னா நல்லது, இல்லன்னா ஒரு கைக்குட்டையில தளர்வா சுத்துங்க.

ஒரு பிரஷ் எத்தனை வருஷம் வரும்?

என்னோட 38 வெள்ளி பிரஷ் ஆறு வருஷம் தாண்டிடுச்சு, நுனி கொஞ்சம் மஞ்சளாயிடுச்சு, ஒரு பக்கம் லேசா சாஞ்சு நிக்குது. ஒழுங்கா காய வச்சா பத்து வருஷம் வரைக்கும் ஓட்டறவங்க இருக்காங்க. அந்த 20 வெள்ளி சில்வர்டிப்பும் வீட்டுலதான் இருக்கு, முடி போன பிறகு மிச்சம் இருக்கறதை வச்சு மனைவி கீபோர்டு தூசி தட்டறா, அதுக்கு அது அருமையான பிரஷ்.